முதல் மிதிக்கு இறங்கும், இரண்டாம் மிதிக்கு ஏறும்: மோரிஸ் மைனரின் பிரேக் பெடல்

மலேசியாவின் தாப்பாவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது ஓட்டிய 1958 மோரிஸ் மைனர், கொட்டகையில் பல வருடம் கிடந்ததாம். இரண்டு வருடம் உழைத்து அதை மறுபடி ஓட வைத்திருக்கிறார். பிரேக்கில் எல்லாமே புதுசு: மாஸ்டர் பம்ப் (மிதித்தால் திரவத்தைத் தள்ளுவது), வீல் பம்ப் (அந்தத் திரவத்தால் சக்கரத்தில் ஷூவை நகர்த்துவது), ஷூ (சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பது), ஹோஸ், பைப். ஆனாலும் முதல் மிதிக்குப் பெடல் தரையைத் தொடப் போகிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலேயே நிற்கிறது. இரண்டு வொர்க்‌ஷாப்பில் ஐந்து தடவை காற்று எடுத்தாகிவிட்டது, அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றியாகிவிட்டது. இரண்டாவது வொர்க்‌ஷாப்பில் பெடலையும் மாஸ்டர் பம்பையும் இணைக்கும் கம்பியைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பெடல் உயர்ந்தது. ஆனால் இப்போது பத்து கிலோமீட்டர் ஓடியதும் கார் இழுக்கத் திணறுகிறது, டிரம் கை வைக்க முடியாமல் சுடுகிறது. “மாஸ்டர் பம்ப் போய்விட்டதா? இன்னொன்று வாங்கட்டுமா?” என்பது கேள்வி.

வாங்காதீர்கள், தம்பி. உங்கள் காரில் இருப்பது இரண்டு கோளாறு. முதல் கோளாறு சக்கரத்துக்குள் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மறைக்கப் போனதில் பிறந்ததுதான் இரண்டாவது. இரண்டுக்கும் மாஸ்டர் பம்ப் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் பீடோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன். லோரி, டிராக்டர், லேண்ட் ரோவர், அப்புறம் கிராணிமார்களின் மைனர் என்று எல்லாம் கையில் வந்திருக்கிறது. எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த பெரியவர், பிரேக் கோளாறு என்று வண்டி வந்தால் ஸ்பேனரைத் தொட விடமாட்டார். “முதலில் உட்கார்ந்து மிதி. கால் என்ன சொல்லுது?” என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் ஜாக் எடுக்கலாம். இத்தனை வருடம் கழித்தும் நான் அதையேதான் செய்கிறேன். பெடல் எப்படிக் கீழே போகிறது, எங்கே நிற்கிறது, நின்ற இடத்தில் நிலைக்கிறதா, விட்டதும் முழுசாகத் திரும்புகிறதா என்பதை வைத்தே எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிந்துவிடும். அதைக் கேட்காமல் சாமான் மாற்றுவது காசைத் தண்ணீரில் போடுவது மாதிரி.

சரி, உங்கள் பெடல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதல் மிதிக்குக் கீழே, இரண்டாம் மிதிக்கு மேலே, மேலே வந்ததும் கல் மாதிரி நிற்கிறது என்றால், அது பெரும்பாலும் ஷூ டிரம்மை விட்டுத் தூரமாக இருப்பதைத்தான் காட்டுகிறது. மாஸ்டர் பம்ப் ஒரு மிதிக்குத் தள்ளக்கூடிய திரவம் கொஞ்சம்தான். உங்கள் காரில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீல் பம்ப், பின்சக்கரத்துக்கு ஒவ்வொன்று, மொத்தம் 6. இந்த ஆறும் ஷூவை நகர்த்தி டிரம்மைத் தொட வைக்கவே அந்தத் திரவம் முழுவதும் செலவாகிவிட்டால், அழுத்துவதற்கு மிச்சம் இருக்காது. பெடல் தரைக்குப் போய்விடும். காலை எடுத்ததும் சட்டென்று மறுபடி மிதித்தால், ஷூ இன்னும் முழுசாகப் பின்வாங்கியிருக்காது. மாஸ்டர் பம்ப் அதற்குள் தொட்டியில் இருந்து கொஞ்சம் திரவத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் பெடல் உயர்ந்து நிற்கும்.

உள்ளே காற்று இருந்தாலும் இரண்டாம் மிதிக்குப் பெடல் கொஞ்சம் ஏறும்தான். ஆனால் அது கல் மாதிரி நிற்காது. பஞ்சு மேல் கால் வைத்த மாதிரி இருக்கும், அழுத்த அழுத்த இன்னும் கொஞ்சம் இறங்கும். இந்த வித்தியாசத்தை உங்கள் காலிலேயே கேட்டுப் பாருங்கள். ஐந்து தடவை காற்று எடுத்தும் அதே கதை என்றால், காற்று இல்லாத இடத்தில் காற்றைத் தேடியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இங்கே மைனரின் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். இப்போதைய வண்டிகளில் டிரம் பிரேக் பின்னால் மட்டும்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். இளைய மெக்கானிக்குகள் அதில் பழகியவர்கள். மைனரில் நான்கு சக்கரமும் டிரம், எல்லாவற்றையும் கையால்தான் செட் பண்ண வேண்டும். முன்சக்கரத்தில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனி அட்ஜஸ்டர், அதாவது ஒரு சக்கரத்துக்கு இரண்டு. பின்சக்கரத்துக்கு ஒன்று. முன்னால் ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு, “செட் ஆகிவிட்டது” என்று அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். இரண்டாவது ஷூ அப்படியே தூரத்தில் நிற்கும், பெடல் தரைக்குப் போகும். அப்புறம் எல்லோரும் சேர்ந்து மாஸ்டர் பம்பைத் திட்டுவார்கள்.

ஆகவே முதல் வேலை இது. சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை முழுசாக இறக்கிவிடுங்கள். அதன் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தால் அதையும் தளர்த்துங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால் பின் ஷூ தன் இடத்தில் உட்காராது, நீங்கள் செய்யும் செட்டிங் எல்லாம் பொய்யாகிவிடும். சக்கரத்தைக் கழற்றினால் டிரம் முகத்தில் ஒரு துளை தெரியும். டிரம்மைச் சுற்றி அந்தத் துளையை அட்ஜஸ்டருக்கு நேராகக் கொண்டுவந்து, ஸ்க்ரூடிரைவரால் டிரம் சுற்றாமல் நிற்கும் வரை இறுக்குங்கள். அப்புறம் ஒரு சொடுக்கு பின்னால் விடுங்கள். டிரம் சுதந்திரமாகச் சுற்ற வேண்டும். லேசாக உரசும் சத்தம் கேட்டால் பரவாயில்லை. முன்னால் டிரம்மை அரை வட்டம் திருப்பி இரண்டாவது அட்ஜஸ்டரையும் அதே மாதிரி செய்யுங்கள். நான்கு சக்கரமும் முடிந்ததும் பெடலை நாலைந்து தடவை பலமாக மிதியுங்கள். ஷூ நடுவில் உட்காரும். உட்கார்ந்ததும் மறுபடி இடைவெளி தெரியும், மறுபடி செட் பண்ணுங்கள். இந்த இரண்டாவது சுற்றை யாரும் செய்வதில்லை. புது ஷூவுக்கு அதுதான் முக்கியம்.

இப்போது அந்தக் கம்பி.

மாஸ்டர் பம்புக்குள் பிஸ்டனுக்கு முன்னால் ஒரு ரப்பர் கப் இருக்கிறது. கால் எடுத்த நிலையில் அந்தக் கப்புக்குச் சற்று முன்னால், தொட்டிக்குப் போகும் ஊசி முனை அளவுத் துளை ஒன்று திறந்திருக்க வேண்டும். பிரேக் சூடானால் உள்ளே இருக்கும் திரவம் விரியும். விரிந்தது அந்தத் துளை வழியாகத் தொட்டிக்குத் திரும்பிவிடும். பெடல் கம்பியை நீட்டிவிட்டால், கால் எடுத்த பிறகும் பிஸ்டன் கொஞ்சம் முன்னாலேயே நிற்கும். கப் அந்தத் துளையை மூடிக்கொள்ளும். அப்போது விரியும் திரவத்துக்குப் போக வழி இல்லை. அது ஷூவைத் தள்ளுகிறது, ஷூ டிரம்மை உரசுகிறது, உரசலில் சூடு, சூட்டில் இன்னும் விரிவு. பத்து கிலோமீட்டரில் உங்கள் கார் திணறுவது இதனால்தான். அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் ஆறி, தானே விட்டுவிடும், இல்லையா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்திருக்கும்.

பெடலைக் கையால், விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். பிஸ்டனைத் தொடுவதற்கு முன் பெடல் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். பம்புக்குள் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருந்தால் போதும், பெடல் நுனியில் அது நன்றாகவே தெரியும். அந்த ஆட்டமே இல்லை என்றால் கம்பியைச் சுருக்கித் திரும்பக் கொண்டுவாருங்கள். ஷூ செட்டிங் சரியாக இல்லாமல் இதை மட்டும் செய்தால் பெடல் பழையபடி தரைக்குப் போகும், பயந்துவிடாதீர்கள். அதனால்தான் ஷூவை முதலில் செய்யச் சொன்னேன்.

இவ்வளவு செய்தும் சூட்டில் பிடிக்கிறது என்றால், புதுப்பித்த காரில் தேட வேண்டிய வேறு சில இடங்கள் உண்டு. மைனரின் பெடல் கீழே சேசிஸ் பக்கத்தில் ஒரு தண்டில் ஆடுவது. சேசிஸுக்குப் பெயின்டும் துருத் தடுப்பும் அடிக்கும்போது அந்தத் தண்டிலும் படிந்து காய்ந்துவிட்டால், பெடல் கடைசிக் கொஞ்சத்துக்குத் திரும்பாது. பார்க்கத் திரும்பிய மாதிரியே இருக்கும். காலால் மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் வந்தால் தண்டுதான் காரணம். மாஸ்டர் பம்ப் மூடியையும் பாருங்கள். உங்கள் காரில் அது டிரைவர் காலடியில் கார்ப்பெட்டுக்குக் கீழே, தரையில் உள்ள துளை வழியாகத் தெரியும். மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெயின்ட் அடித்தவர் அதையும் சேர்த்து அடைத்துவிடுவார். ஒரு ஊசியால் குத்திச் சரி பண்ணும் வேலைக்காக ஒருவர் ஈப்போ வரை பம்ப் தேடி அலைந்தது எனக்குத் தெரியும். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடைத்துவிடுங்கள். நம் ஊர்ச் செம்மண் தூசு ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் அந்த ஊசித் துளையை அடைக்கப் போதும்.

பிடித்துக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கார் சூடாகித் திணறும்போது ஓரமாக நிறுத்தி, சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். நான்கும் இறுக்கமாக இருந்தால் மாஸ்டர் பம்ப் பக்கம். அதாவது கம்பி, தண்டு, துளை, மூடி. ஒன்று மட்டும் இறுக்கம் என்றால் அந்தச் சக்கரத்தின் நிப்பிளை (காற்று எடுக்கத் திறக்கும் சின்னத் திருகு) கொஞ்சம் திறந்துவிடுங்கள். திரவம் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று அர்த்தம். மற்ற மூன்றும் சுதந்திரமாக இருக்க ஒரு முன்சக்கரம் மட்டும் சிக்கினால் அந்த ஹோஸை மாற்றுங்கள். பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே ஹோஸ், அது அடைத்தால் இரண்டும் சேர்ந்துதான் சிக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே புதுசு மாதிரி தெரிந்தாலும் உள்ளே உரிந்து, காலால் தள்ளும்போது விட்டு, திரும்பும்போது அடைத்துக்கொள்ளும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் திரவத்தைக் குறை சொல்ல வழியில்லை. ஷூ ஸ்பிரிங் தவறான துளையில் மாட்டியிருக்கும், அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து நிற்கும். ஒன்றைக் கவனியுங்கள்: டிரம் பிரேக்கில் மாஸ்டர் பம்பின் முனையில் ஒரு வால்வு இருக்கும், அது எப்போதும் பைப்பில் லேசான அழுத்தத்தை வைத்திருக்கும். நிப்பிளைத் திறந்ததும் கொஞ்சம் கசிந்தால் அது இயல்பு. பீறிட்டால்தான் கோளாறு.

அடுத்து, உங்கள் கார் இன்னும் சொல்லாத, ஆனால் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. இன்ஜினை நிறுத்தி, பெடலை மிதமான பலத்தில் மிதித்து, ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். கடிகாரம் பார்த்துப் பிடியுங்கள், ஒரு நிமிடம் நினைப்பதைவிட நீளம். பெடல் நின்ற இடத்திலேயே நின்றால் நல்லது. மெதுவாக, தயங்கித் தயங்கி இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது. சக்கரத்தின் உள்பக்கம், ஹோஸ் முனை, பைப் இணைப்பு, பிரேக் லைட் சுவிட்ச் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். மைனரில் அந்தச் சுவிட்சும் பைப்பில்தான் மாட்டியிருக்கிறது, அதை மறந்துவிடுவார்கள். எங்கேயும் ஈரம் இல்லாமலே பெடல் இறங்கினால், மாஸ்டர் பம்புக்குள் கப்பைத் தாண்டித் திரவம் பின்னால் போகிறது. இந்த ஒரு நிலையில்தான் மாஸ்டர் பம்பைக் கழற்றுவதற்கு நியாயம் உண்டு. மைனரில் அது சேசிஸ் கம்பிக்குள் புதைந்து கிடக்கும். அதன் போல்ட்டை உருவ டார்ஷன் பார் (முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி) குறுக்கே நிற்கும். ஒரு நாள் வேலை. சந்தேகத்தின் பேரில் செய்கிற வேலை இல்லை அது.

பஞ்சு மாதிரி இருக்கும் பெடல்தான் புதுப்பித்த கார்களில் மிகவும் அலைக்கழிப்பது. காற்று ஒரு காரணம், ஆனால் ஒரே காரணம் இல்லை. இங்கே ஹோஸ் கிளாம்ப் உதவும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று ரப்பர் ஹோஸ் இருக்கிறது. உருண்டையான வாயுள்ள கிளாம்பால் மூன்றையும் மென்மையாக அடைத்துவிட்டு மிதியுங்கள். சாதாரண பிளையரால் நசுக்கினால் ஹோஸ் உள்ளே கிழியும். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் என்றால் கிளாம்பே போடாதீர்கள். மூன்றையும் அடைத்தபோது பெடல் உயரத்தில் கல் மாதிரி நின்றால், மாஸ்டர் பம்பும் பைப்பும் நலம். இப்போது ஒவ்வொன்றாக விடுங்கள். எதை விட்டதும் பெடல் இறங்குகிறதோ அந்த ஹோஸ் போகும் சக்கரத்தில்தான் வேலை; பின் ஹோஸ் என்றால் பின்சக்கரம் இரண்டையும் பாருங்கள். பத்து நிமிடத்தில், ஒரு வெள்ளி செலவில்லாமல், தேடுவதில் முக்கால் பாகம் குறைந்துவிடும்.

அந்தச் சக்கரத்தில் காற்று இல்லை என்றால் ஷூவைப் பாருங்கள். பழைய டிரம் தேய்ந்தோ கடைந்தோ பெரிதாகியிருக்கும். புது ஷூவின் வளைவு அதைவிடச் சிறிதாக இருக்கும். நடுவில் மட்டும் தொடும், இரண்டு முனையும் தொடாது. மிதிக்கும்போது ஷூவே வில் மாதிரி வளைகிறது, அதைத்தான் கால் பஞ்சு என்று உணர்கிறது. லைனிங் (ஷூவின் மேல் உள்ள உரசும் பட்டை) முழுவதும் சாக்கட்டியால் கோடு போட்டு, டிரம்மை மாட்டி, மிதித்துக்கொண்டு கொஞ்சம் சுற்றிக் கழற்றிப் பாருங்கள். சாக்கட்டி நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. டிரம்முக்கு ஏற்ற மாதிரி லைனிங்கைத் தேய்த்துக் கொடுக்கும் ஆளைத் தேடுங்கள். பழைய ஷூவில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கும், ஆகவே தூசியை ஊதவோ காற்று அடிக்கவோ கூடாது. சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். எங்கள் காலத்தில் ஊதித் தள்ளினோம். அது தவறு.

சாமான் வாங்கும்போது ஒன்று. 1958 மைனர் என்றால் 948 சிசி இன்ஜின், முன் டிரம் 7 அங்குலம். 1962இல் 1098 சிசி வந்தபோதுதான் முன் டிரம் 8 அங்குலம் ஆனது. இரண்டுக்கும் பெயர் மைனர் 1000தான், ஆகவே “மைனர் 1000 ஷூ” என்று பொதுவாகச் சொல்லி வாங்கினால் எது வரும் என்று சொல்ல முடியாது. உங்கள் கார் நடுவில் யார் கையிலோ மாறியிருக்கவும் கூடும். கழற்றி அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

பைப் புதுசு என்றீர்கள். அதை எங்கே செய்தார்கள்? இது கேட்க வேண்டிய கேள்வி, ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. மைனரின் பைப் நட்டு அங்குல மரை: 3/8 அங்குல நட்டு, அங்குலத்துக்கு 24 மரை. இங்கே புரோட்டான், பெரோடுவாவுக்குப் போடும் நட்டு 10 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் மரை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஒன்று மற்றதில் கொஞ்சம் ஏறவும் செய்யும். பலமாக இறுக்கினால் மரையைத் தின்றுகொண்டு போய் இறுகின மாதிரி நிற்கும், ஒழுகக்கூட ஒழுகாது. அவசரத்துக்குப் பலமாக மிதிக்கும் அன்றைக்குக் கழன்றுவிடும். ஒவ்வொரு நட்டையும் கழற்றி, கையால் மட்டும் திரும்ப ஏற்றிப் பாருங்கள். சரியான நட்டு விரலால் திருகும்போதே ஆழமாகப் போகும். இரண்டு சுற்றில் முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஸ்பேனர் போடாதீர்கள்.

இனி திரவம். நம் ஊரில் எல்லோரும் ‘பிரேக் ஆயில்’ என்றுதான் சொல்கிறோம், நானும் சொல்கிறேன். அந்தச் சொல்லால் எவ்வளவு வண்டி கெட்டிருக்கிறது! அது எண்ணெயே இல்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு லேண்ட் ரோவரின் டிரைவரிடம் யாரோ “ஆயில் குறையுது, ஊத்து” என்றார்கள். அவர் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டார். சில நாளில் பழம் ஏற்றும் இடத்தில் நான்கு சக்கரமும் பிடித்துக்கொண்டு வண்டி அசையவில்லை. திறந்து பார்த்தால் கப் எல்லாம் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தது. பழைய இங்கிலீஷ் வண்டிகளின் பிரேக்கில் இருந்தது இயற்கை ரப்பர். நம் ஜனங்கள் வெட்டிய பால்தான் அது. கோலகங்சாரில் 1877இல் நட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அந்த மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கப்தான் நினைவுக்கு வரும். பால் வெட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ரப்பர் ஷீட்டில் டீசல் பட்டால் என்ன ஆகும் என்று. இன்றைய கப் வேறு வகை ரப்பர் என்றாலும் எண்ணெய் பட்டால் அதற்கும் இதே கதிதான்.

உங்கள் தொட்டியில் இருப்பதைச் சோதிக்கச் சுலபமான வழி உண்டு. ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கொஞ்சம் விட்டுக் கலக்குங்கள். சாதாரண பிரேக் திரவம் தண்ணீரோடு கரைந்துவிடும். கரையாமல் பிரிந்து நின்றால் எண்ணெயோ சிலிக்கோனோ கலந்திருக்கிறது. எண்ணெய் என்றால் இரக்கமே பார்க்காதீர்கள்: எல்லா ரப்பரும், ஹோஸ் மூன்றும் உட்பட, மாற்ற வேண்டும். பைப்பை ஸ்பிரிட்டால் கழுவ வேண்டும். ஒரு கப்பை மட்டும் மாற்றினால் அடுத்த வாரம் அதுவும் உப்பும்.

எதை ஊற்றுவது? நான் டாட் 4 (DOT 4) தரத் திரவம்தான் ஊற்றுவேன். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, தண்ணீர் குடித்த பிறகு 155 டிகிரி. டாட் 3க்கு அதுவே 205, 140. இந்தத் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் ஈரத்தில், மூடியில் ஓட்டையுள்ள பழைய தொட்டியில், வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. ஊதா நிறத்தில் வரும் டாட் 5 சிலிக்கோன். அது ஈரத்தை உறிஞ்சாது, பெயின்டையும் கெடுக்காது, அதனால் காட்சிக்கு வைக்கும் கார்க்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் காற்றைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும், பெடல் கொஞ்சம் மெத்தென்றே இருக்கும். மலை இறங்கும் காருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பெயரில் ஒரே எண் இருப்பதைப் பார்த்து டாட் 5ஐயும் டாட் 5.1ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 5.1 டாட் 4இன் குடும்பம், 5 தனிச் சாதி. இரண்டும் கலக்கக் கூடாது. டாட் 4 பெயின்டில் பட்டால் உரிக்கும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு உடனே கழுவுங்கள்.

மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு தடவை காற்று எடுங்கள். ஷூ செட் ஆகியிருந்தால் வீல் பம்புக்குள் இடம் குறைவு, காற்று ஒளிந்துகொள்ளவும் இடம் குறைவு. இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்ற வரிசையில் வாருங்கள். நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டி, அதன் முனையைத் திரவம் உள்ள போத்தலில் முக்கி வையுங்கள். நிப்பிளைத் திறந்ததும் உதவிக்கு ஒருவர் மெதுவாக மிதிக்கட்டும். கீழே போனதும் நிப்பிளை மூடுங்கள், அப்புறம் காலை எடுக்கட்டும், இரண்டு மூன்று நொடி பொறுத்து அடுத்த மிதி. படபடவென்று மிதித்தால் காற்று நுரையாகி எடுக்கவே முடியாது. தொட்டி சின்னது, ஐந்தாறு மிதிக்கு ஒரு முறை நிரப்புங்கள். முன்சக்கரத்தில் இரண்டு வீல் பம்ப் என்றேன் அல்லவா, அவை இடம் மாறியோ தலைகீழாகவோ மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலேதான் நிற்கும், கீழே உள்ள நிப்பிள் வழியாக ஆயுசுக்கும் வராது. ஐந்து தடவை எடுத்தும் ஒரு சக்கரம் மட்டும் பஞ்சாகவே இருந்தால் இதைப் பாருங்கள்.

முடித்ததும் நேராக ரோட்டுக்குப் போகாதீர்கள். நின்ற இடத்தில் அந்த ஒரு நிமிடச் சோதனை. பிறகு வாகனம் இல்லாத சமதரையில், ஆள் நடக்கும் வேகத்தில் நிறுத்திப் பாருங்கள், ஹேண்ட்பிரேக் தனியாக நிறுத்துகிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். அப்புறம் தோட்டத்து ரோட்டில் பதினைந்து நிமிடம் ஓட்டி, சமமான இடத்தில் நியூட்ரலில் உருட்டி, பிரேக் தொடாமல் தானே நிற்க விடுங்கள். இறங்கிக் கையால் தள்ளிப் பாருங்கள். ஒரு ஆள் தள்ளினால் மைனர் உருள வேண்டும். டிரம் ஒவ்வொன்றிலும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் மட்டும் சுரீரென்று ஆவியானால் அந்தச் சக்கரம் இன்னும் பிடிக்கிறது. புது ஷூ பழகச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதற்குள் பெடல் கொஞ்சம் இறங்கும், மறுபடி செட் பண்ண வேண்டும். அது கோளாறு அல்ல.

கேமரன் மலைக்கு ஓட்டிப் போகும் ஆசை இருக்கும் என்று தெரியும். தாப்பாவில் மைனர் வைத்திருப்பவர் எல்லோருக்கும் அந்த ஆசை வரும். ஏறுவதில் பிரச்சினை இல்லை. ரிங்லெட்டில் இருந்து இறங்கும்போது வளைவுக்கு மேல் வளைவு, கால் பெடலிலேயே இருக்கும். டிரம் பிரேக் சூடானால் பெடல் கல் மாதிரி நின்றும் கார் நிற்காது, லைனிங் பிடிப்பை இழந்துவிடும். திரவம் கொதித்தால் பெடல் தரைக்கே போகும். உங்கள் காரில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே பைப் சுற்று, ஒன்று போனால் எல்லாம் போகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் நிறுத்திக் கொஞ்சம் ஆற விடுங்கள். பெடல் ஆட்டத்தைச் சரிபார்க்காமல், அந்தப் பதினைந்து நிமிடச் சோதனை தேறாமல், மலைப்பக்கம் திருப்பவே வேண்டாம்.

முதலில் ஷூ, அப்புறம் கம்பி. அந்த இரண்டையும் செய்துவிட்டு ஒரு நிமிடச் சோதனையில் பெடல் நின்றதா, இறங்கியதா என்று எழுதுங்கள். இறங்கினால் எந்த இணைப்பில் ஈரம் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை வைத்து அடுத்தது சொல்கிறேன்.